லவோன் வீட்டு வடக்குச் சுவர்

வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போவதாக லவோன் சொன்னபோது டெல்மர் சொன்ன பதில் இதுதான்: "அங்க வெயில் நல்லா இருக்கும்."

முப்பத்தோரு வருஷமாகப் பக்கத்து வீடு. லவோனின் கணவர் வெர்னன் இறந்த பிறகு இந்த நாலு வருஷத்தில், டெல்மர் எத்தனையோ நாள் வேறு யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறார். ஆனால் லவோனோடு நாலு வார்த்தை பேசாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. அந்தப் பெண்மணி ஊரைவிட்டே போகிறேன் என்கிறார், இவர் வெயிலைப் பற்றிப் பேசுகிறார்.

மனிதரைக் குறை சொல்லியும் பயனில்லை. அமெரிக்காவின் வடக்கே, ரெட் ரிவர் ஆற்றோரத்து ஆட்கள் நாங்கள் எல்லோருமே இப்படித்தான். பசித்தால் பசிக்கிறது என்று சொல்ல மாட்டோம். "மணி பன்னிரண்டு ஆகியிருக்கும் போல" என்போம். யாராவது ஒன்றை நீட்டினால் முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்ளவும் மாட்டோம். முதல் தடவை "சேச்சே, எதுக்குச் சிரமம்." இரண்டாம் தடவை "இல்ல, நிஜமாவே வேண்டாம்." மூன்றாம் தடவையும் கேட்டால்தான் "சரி, நீங்க இவ்வளவு சொல்றீங்கன்னா" என்று கை நீட்டுவோம். இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்கிற ஆளிடம் பட்டினியாகவே திரும்பி வருவோம். மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே வருவோம்.

லவோன் போவதற்குக் காரணம் ஃபர்னஸ். நிலவறையில் நின்று வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்பும் அந்தத் தகரப் பெட்டியை வெர்னன் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிப் போட்டார். போன குளிர்காலம் வரை அது ஒரு நாள்கூட முனகியதில்லை. இந்த நவம்பர் கடைசியில் ஒரு காலை, லவோன் பள்ளிப் பேருந்தை ஓட்டிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், சமையலறையில் மூச்சு விட்டாலே ஆவி தெரிந்தது.

காபிக் கடையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஃபில்டரில் தூசி அடைத்திருக்கும் என்றார் ஒருவர். மாற்றிப் பார்த்தாயிற்று. தெர்மோஸ்டாட்டில் பேட்டரி போயிருக்கும் என்றார் இன்னொருவர். அதுவும் மாற்றியாயிற்று. தீ எரிகிறதா என்று பார்க்கும் சிறு கம்பியில் கரி படிந்திருக்கும், தேய்த்துவிட்டால் போதும் என்றார் மூன்றாமவர். டெல்மரே போய்த் தேய்த்துவிட்டு வந்தார். பலனில்லை.

நாற்பது மைல் தள்ளியிருந்த ஒரு கம்பெனிக்குப் போன் போயிற்று. அங்கிருந்து வந்தவர் வாசலில் வண்டியை நிறுத்தியதற்கே நூற்று இருபத்தொன்பது டாலர். காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் ஒரு சுவிட்ச் கெட்டுப்போயிற்று என்று மாற்றினார். அதற்கு முந்நூற்றுப் பத்து. ஃபர்னஸ் ஓடியது. பத்து நாளில் மறுபடி படுத்தது. இந்தத் தடவை புகையை வெளியே தள்ளும் மோட்டார் என்றார்கள். எண்ணூற்று நாற்பது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் திரும்பவும் படுத்தது.

மூன்றாவதாக வந்தவர் கையில் ஸ்பேனரே இல்லை. சுத்தமான காலணியும் கையில் ஒரு தொடுதிரைக் கணினியுமாக வந்து, உள்ளே வெப்பப் பெட்டியில் விரிசல் விட்டிருக்கலாம், விஷப்புகை வீட்டுக்குள் வரலாம், இனி இதைப் பழுது பார்ப்பதில் பிரயோஜனமில்லை, புதிது போட ஒன்பதாயிரத்து நானூறு ஆகும் என்று மிருதுவான குரலில் சொன்னார். போகும்போது மாதத் தவணைத் தாள் ஒன்றையும் மேஜையில் வைத்தார்.

லவோனுக்கு அறுபத்தாறு வயது. பேருந்து ஓட்டி வரும் சம்பளமும், வெர்னன் விட்டுப்போன கொஞ்சப் பணமும்தான். அந்தத் தாளை இரண்டு நாள் மேஜையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் மகள் கிறிஸ்டாவுக்குப் போன் செய்தார். அதற்கடுத்த வாரம் வாசல் பனியில் விற்பனைப் பலகை ஒன்று நின்றது. வீட்டை வாங்குவதற்கு ஒரு ஆளும் கிடைத்துவிட்டான், ஃபர்னஸைக் காட்டி விலையை அடித்துக் குறைத்துக்கொண்டு. வியாழக்கிழமை கையெழுத்து.

இதையெல்லாம் டெல்மர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தன் வீட்டிலிருந்த இரண்டு மின்சார ஹீட்டரையும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். பனி பெய்த மறுநாளெல்லாம் விடிந்ததும், லவோன் பேருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, பனியை அள்ளித் தூர வீசும் தன் ஆரஞ்சு நிற மெஷினைத் தள்ளிக்கொண்டு போய் அவர் வீட்டுப் பாதையைச் சுத்தம் செய்து வைத்தார். லவோன் இருக்கும்போது செய்தால் நன்றி சொல்லிவிடுவார். நன்றியை நின்று வாங்கிக்கொள்வது சங்கடம். பதிலுக்கு லவோன் பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட கேக் துண்டுகளை ஒரு தட்டில் அடுக்கி, இவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியில் வைத்துவிட்டுப் போவார். நாலு வருஷமாக இப்படியே போகிறது.

போகாதே என்று சொல்ல டெல்மருக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வரலாம். அதற்கு வாய் தேவையில்லை.

சர்க்கரை ஆலையின் பாய்லர் அறையில் டெல்மர் மேலாளராக இருந்தபோது எட்டு சீசன் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் எலிசியோ. சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயலில் களை வெட்ட டெக்சாஸிலிருந்து வந்த குடும்பம், திரும்பிப் போகவில்லை. இப்போது சொந்த வேன் வைத்துக்கொண்டு ஊர் ஊராய் ஃபர்னஸ் பார்க்கிறான். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவனோடு லவோன் வீட்டு வாசலில் போய் நின்றார் டெல்மர். வெளியே மைனஸ் இருபது.

"வாங்கறவன் ஏதாவது கேப்பான். இவன் ஒரு தடவை பார்த்துடட்டும்," என்றார்.

"சேச்சே, எதுக்குச் சிரமம். அதான் பெரிய கம்பெனிக்காரங்களே பார்த்துட்டாங்களே," என்றார் லவோன்.

"சும்மா பார்க்கறதுதானே."

"இல்ல டெல்மர், நிஜமாவே வேண்டாம். இந்தக் குளிர்ல அவரை எதுக்கு..."

"வந்துட்டான். பார்த்துட்டே போகட்டும்."

"சரி, நீங்க இவ்வளவு சொல்றீங்கன்னா," என்று லவோன் கதவை அகலத் திறந்தார்.

எலிசியோ நிலவறைக்குப் போனதும் ஸ்பேனரை எடுக்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியில் உட்கார்ந்து, ஃபர்னஸைப் போட்டுவிட்டு, சுகமில்லாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். டெல்மர் படியோரம் நின்றார். சின்ன மோட்டார் சுற்றியது. தீ பற்றவில்லை. மோட்டார் நின்றது. உள்ளே ஒரு சிவப்பு விளக்கு மூன்று தடவை சிமிட்டிவிட்டு ஓய்ந்தது.

"மூணு. அப்படின்னா காத்தழுத்த சுவிட்ச்," என்றான் எலிசியோ.

"அந்த சுவிட்சைத்தான் மாத்தியாச்சேப்பா."

"சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு பாஸ். அது பொய் சொல்லல. மூச்சு விட முடியலன்னு சொல்லுது. உள்ளதைச் சொல்றவன் வாயை அடைக்கற மாதிரி அவங்க சுவிட்சை மாத்தியிருக்காங்க." ஒரு சின்ன கேமராக் கம்பியை உள்ளே விட்டு வெப்பப் பெட்டியை இண்டு இடுக்கு விடாமல் பார்த்தான். "விரிசலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இது இன்னும் பத்து வருஷம் ஓடும். இதோட குழாய் ரெண்டும் வெளியே எந்தப் பக்கம் போகுது?"

"வடக்குப் பக்கம்," என்றார் டெல்மர். இந்த ஃபர்னஸுக்குப் புகைக்கூண்டு கிடையாது. காற்றை இழுக்க ஒன்று, புகையை விட ஒன்று என்று இரண்டு வெள்ளைக் குழாய்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஓட்டைகளைப் போட வெர்னனுக்கு டார்ச் பிடித்தவரே இவர்தான். இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டதும் சொல்லிவிட்டார். ஆனால் சொன்ன பிறகும் மனதில் ஒன்றும் தட்டவில்லை.

இரண்டு பேரும் மண்வாரியோடு வடக்குப் பக்கம் போனார்கள். சுவரை ஒட்டி நெஞ்சளவுக்குப் பனி. குழாய்களைக் காணோம்.

எலிசியோ தோண்ட ஆரம்பித்தான். மூன்றடி ஆழத்தில் இரண்டும் கிடைத்தன. ஒன்றின் வாயை ஐஸ் முக்கால்வாசி மூடியிருந்தது. மற்றதில் பனி திணித்து வைத்தாற்போல் இறுகியிருந்தது. மண்வாரியின் பிடியால் தட்டி, விரலை விட்டுக் குடைந்து எடுத்தான்.

"மூணு பேர் வந்திருக்காங்க. ஒருத்தனும் சுவரைச் சுத்தி நடந்து வந்து பார்க்கல," என்றான். "குளிர்ல எவன் வருவான். அவங்க வர்றதுக்குள்ள காத்து கொஞ்சம் கலைச்சிருக்கும், இல்ல வெயில் பட்டுக் கொஞ்சம் விட்டிருக்கும். மாத்தினதும் ஓடியிருக்கும். எதையும் மாத்தாம இருந்தாலும் ஓடியிருக்கும். பாவம் அந்தம்மா. இது நின்னதுதான் நல்லது பாஸ். நிக்காம ஓடியிருந்தா புகை வீட்டுக்குள்ள வந்திருக்கும்."

"காத்து கொண்டுவந்து கொட்டியிருக்கும்," என்றார் டெல்மர்.

எலிசியோ ஒரு கை பனியை அள்ளி நசுக்கிப் பார்த்தான். "காத்து கொண்டு வர்ற பனி மாவு மாதிரி இருக்கும். இது கட்டி கட்டியா இருக்கு, நடுவுல சரளைக்கல்லு வேற. பாதையில கிடந்ததை மெஷின் வச்சு அடிச்சிருக்காங்க. ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும். எந்த மடையன் பண்ணின வேலைன்னு தெரியல."

டெல்மர் தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆரஞ்சு நிற மெஷின். பனியைத் துப்பும் அதன் மூக்கு, கடைசியாக எந்தப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டதோ அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எலிசியோ தற்செயலாகத் திரும்பியவன், அந்த மூக்கைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். பிறகு ரொம்ப நேரம் தன் கையுறையையே பார்த்தான்.

"பில்லுல 'குழாய் அடைப்பு'ன்னு மட்டும் எழுதறேன் பாஸ்," என்றான் மெதுவாக. "யாரு அடைச்சதுன்னு எழுத அதுல கட்டம் இல்ல."

அவன் உள்ளே போய்விட்டான். டெல்மர் அங்கேயே நின்றார். அவருக்குப் போன வசந்த காலம் ஞாபகம் வந்தது. அதுவரை எல்லா வருஷமும் அவர் பனியைத் தெற்குப் பக்கமாகத்தான் வீசுவார். அங்கே லவோனின் கூஸ்பெரிச் செடிகள் இருந்தன. ஏப்ரலில் ஒருநாள் லவோன் அந்தச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்தக் குளிர்காலம் இதுங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் போச்சு போல," என்றார். எங்கள் ஊரில் ஒருவர் அப்படிச் சொன்னால், நீ செய்த அநியாயத்தைப் பார் என்று அர்த்தம். டெல்மர் அன்று மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை. ஐயோ, இத்தனை வருஷமாக நான் அந்தச் செடிகளின் தலையில் பனியைக் கொட்டியிருக்கிறேன், அந்தப் பெண்மணி பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறாரே என்று உருகிப்போனார். இந்த வருஷம் முதல் பனி விழுந்ததும் மெஷினின் மூக்கை வடக்கே திருப்பிவிட்டார். திருப்பிவிட்டேன் என்று லவோனிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் சொல்லிக்காட்டுவது போல ஆகிவிடும்.

அந்தக் குழாய்களை அவர் எப்படி மறந்தார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. செடியை நினைத்தவர் சுவரை நினைக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆயிரத்துச் சொச்சம் டாலர், வீட்டை விற்கும் பேச்சு, வாசலில் அந்தப் பலகை, எல்லாம் அவர் கையால் நடந்தது. காற்று என்று சொல்லிவிட்டால் முடிந்தது. எலிசியோ வாயைத் திறக்க மாட்டான். லவோன் இனிமேல் தன்னை ஏறெடுத்துப் பார்ப்பதற்கு அதுதான் வழி. உள்ளே போகிறவரை காற்று என்று சொல்வதாகத்தான் அவர் முடிவு செய்திருந்தார்.

சமையலறையில் எலிசியோ தொண்ணூற்றைந்து டாலருக்கு பில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தான். லவோன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தார்.

"வெறும் அடைப்பா?"

"அவ்வளவுதாம்மா. அந்த ரெண்டு குழாயையும் பனி மூடாம பார்த்துக்கிட்டா போதும்."

"அந்தப் பக்கம் இவ்வளவு நாளா பனி சேர்ந்ததே இல்லையே. காத்து திசை மாறிடுச்சா?"

எலிசியோ தன் பெட்டியைப் பூட்டுவதில் மும்முரமானான். தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொண்டு பூட்டினான். பிறகு ஜாடையாகத் தலையாட்டிவிட்டு வேனுக்குப் போய்விட்டான்.

"காத்து இல்ல லவோன்," என்றார் டெல்மர். அவர் குரல் அவருக்கே வேறு யாருடைய குரலோ போல இருந்தது. "நான்தான். என் மெஷின். நீங்க அந்தச் செடியைப் பத்திச் சொன்னீங்கல்ல, அதனால இந்த வருஷம் வடக்குப் பக்கம் அடிச்சேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் அந்தக் குழாயை மூடியிருக்கேன். உங்களுக்கு ஆன செலவு எல்லாம் நான் கொடுத்துடறேன்."

லவோன் பில்லை மேஜையில் வைத்தார். "எந்தச் செடி?"

"கூஸ்பெரி. ஏப்ரல்ல சொன்னீங்களே. கஷ்டமாப் போச்சுன்னு."

லவோன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்து டெல்மர் தரையைப் பார்த்தார்.

"அது வெர்னன் இறந்த தேதி," என்றார் லவோன். "காலையிலேருந்து யாரும் வரல. நீங்க வெளியே நின்னுட்டிருந்தீங்க. ஏதாவது பேச்சுக் கொடுத்தா உள்ள வந்து ஒரு காபி குடிப்பீங்கன்னு பார்த்தேன். எதிர்ல செடிதான் இருந்துச்சு, அதைச் சொன்னேன். நீங்க 'ஆமா, கஷ்டம்தான்'னுட்டுப் போயிட்டீங்க."

டெல்மர் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை, இருந்தும் உட்கார்ந்தார். எங்கள் ஊரில் அது பெரிய விஷயம்.

"செலவைப் பத்தி விடுங்க," என்றார் லவோன். "வியாழக்கிழமை கையெழுத்துப் போட வர்றதா சொல்லிட்டேன். கிறிஸ்டா ரூம் எல்லாம் ஒழிச்சு வச்சிருக்கா."

அங்கே வெயில் நல்லா இருக்கும் என்ற வார்த்தை மறுபடியும் டெல்மரின் தொண்டை வரை வந்தது. அதைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

"போகாதீங்க," என்றார்.

லவோன் காபிக் கெட்டிலை எடுக்கத் திரும்பினார். "சேச்சே, எனக்காக நீங்க அப்படியெல்லாம் நினைக்க வேண்டாம்."

"இல்ல. போகாதீங்க லவோன்."

"நிஜமாவே வேண்டாம் டெல்மர். நான் போய்ச் சமாளிச்சுப்பேன்." முதுகைக் காட்டியபடியே சொன்னார். கெட்டிலை எடுக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தார்.

டெல்மர் அந்த முதுகைப் பார்த்தார். அறுபத்தெட்டு வருஷம் இந்த ஊரில் வாழ்ந்தவர். அந்த நிற்பின் அர்த்தம் அவருக்குத் தெரியாதா. தட்டை நீட்டும்போதும், பையைத் தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்கும்போதும் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். இரண்டு தடவை சொல்லியாயிற்று. இரண்டோடு நிறுத்துகிற ஆளிடம் மனிதர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போய்விடுவார்கள்.

"நீங்க போயிட்டா எனக்குப் பேச ஆள் இல்ல," என்றார். "சத்தியமாச் சொல்றேன். போகாதீங்க."

கீழே நிலவறையில் மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. தீ பற்றும் சத்தம் கேட்டது. தரையோரத்து இரும்பு வலை வழியாகச் சூடான காற்று வந்து இரண்டு பேர் காலிலும் பட்டது.

"சரி," என்றார் லவோன், திரும்பாமலே. "நீங்க இவ்வளவு சொல்றீங்கன்னா."

பிறகு பேரீச்சம்பழத் துண்டுகள் இருந்த தட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். டெல்மர் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டார்.